குளிர்காலத்திலும் மிதிவண்டி

டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மழையும் பனியும் மாறி மாறிப் பெய்யும். ஆயினும், அந்நகர மக்களில் பலர் பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியிலேயே செல்கின்றனர். இத்தகைய பருவத்தில் மிதிவண்டி ஓட்டுவது ஆபத்தல்லவா என்று சிலர் கேட்கலாம். முன்னேற்பாடு இல்லாமல் ஓட்டுவதுதான் ஆபத்து என்பது என் கருத்து.

முதலாவதாக, பிறர் கண்ணில் படுமாறு ஓட்ட வேண்டும். இருளிலும் மழையிலும் கார் ஓட்டுநர்களுக்குச் சாலை தெளிவாகத் தெரியாது. ஆகவே, மிதிவண்டியின் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். டென்மார்க்கில் இருட்டிய பின் விளக்கின்றி ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைவில் குறையும் என்பதால், புறப்படுமுன் விளக்கைச் சரிபார்ப்பது அவசியம்.

அடுத்து, உடையில் கவனம் தேவை. தடித்த சட்டை ஒன்றை அணிவதைவிட, மெல்லிய ஆடைகளை அடுக்கி அணிவதே சிறந்தது. மிதிக்க மிதிக்க உடல் வியர்க்கும். பருத்தி ஆடை அவ்வியர்வையை உறிஞ்சி, ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்யும். கம்பளி ஆடையோ நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மழையங்கி வேண்டும். கையுறையும் வெறும் சொகுசுப் பொருள் அன்று. விரல்கள் விறைத்துப்போனால் பிரேக்கை உரிய நேரத்தில் பிடிக்க இயலாது.

மேலும், ஈரச் சாலையில் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படும். நனைந்த இலைகள், சாலைக் கோடுகள், இரும்பு மூடிகள் ஆகியவை வழுக்கும். எனவே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். பனியை உருக்கத் தூவப்படும் உப்பு சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். அதை அடிக்கடி துடைத்து எண்ணெய் இட வேண்டும்.

எனினும், ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஓட்டுபவர் மட்டும் ஆயத்தமானால் போதாது. நகரமும் ஆயத்தமாக வேண்டும். பின்லாந்தின் ஔலு நகரம் இதற்குச் சிறந்த சான்று. பல மாதங்கள் பனி மூடியிருக்கும் அந்நகரில், மிதிவண்டிப் பாதைகளில் பனி முறையாக அகற்றப்படுகிறது. குளிர்கால மிதிவண்டிப் பயணத்துக்கான முதல் உலக மாநாடு 2013இல் அங்குதான் நடைபெற்றது. பாதை பாதுகாப்பாக இருந்தால், சிறுவர்களும் முதியவர்களும் துணிந்து ஓட்டுவார்கள்.

கடும் புயல் வீசும் நாளில் பேருந்திலோ இரயிலிலோ செல்வதே அறிவுடைமை. அது கோழைத்தனம் ஆகாது. ஆனால், அத்தகைய ஒரு சில நாள்களை எண்ணி, குளிர்காலம் முழுவதும் மிதிவண்டியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

நம் ஊரில் பனி பெய்வதில்லை. ஆனால், வழுக்கும் சாலையும் மங்கிய வெளிச்சமும் பருவமழைக் காலத்தில் நமக்கும் உண்டு. வெள்ளம் வருமுன் அணை போடுபவரே எந்தப் பருவத்திலும் பாதுகாப்பாக வீடு திரும்புவார்.