எழுத்து அழிந்தால் பலகையையா மாற்றுவது?

நீளமான பதிவு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்த பெற்றோரும் கடைசி வரை படியுங்கள். திட்டுவதானால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

"மதர்போர்டு போயிட்டு."

பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுபோன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் பல கடைகளில் இந்தத் தீர்ப்புதான் கிடைக்கிறது. பலகை மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பழைய லேப்டாப் என்றால், "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம் அண்ணாச்சி" என்பார்கள். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. தெரியாமல் சொன்னால் அறியாமை. தெரிந்தே சொன்னால் திருட்டு.

பயாஸ் என்பது என்ன? பவர் பட்டனை அழுத்தியதும் ஓடுகிற முதல் புரோகிராம். மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பி விடுவது அதுதான். மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஒரு ஃபிளாஷ் சிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. அப்டேட் என்றால் அந்தச் சிப்பில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. அழித்து முடித்து, எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால்? எழுப்பி விட ஆள் இல்லை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும்.

நான் கரும்பலகையோடு வாழ்ந்தவன். பாதி எழுதும்போது சாக்பீஸ் உடைந்தால் இன்னொரு சாக்பீஸ் எடுத்து எழுதுவோம். பலகையைப் பெயர்த்துக் குப்பையில் போடமாட்டோம். இங்கே நடப்பது அதுதான்.

இது புதிய நோயும் இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ், செர்னோபில் வைரஸ் என்றும் சொல்வார்கள், உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கையும் சிலவற்றில் பயாஸையும் அழித்தது. அந்தக் காலத்தில் பல போர்டுகளில் பயாஸ் சிப் ஒரு சாக்கெட்டில் செருகி இருக்கும். பிடுங்கி, வேறு இடத்தில் எழுதி, திரும்பச் செருகினால் மெஷின் பிழைத்துவிடும். அதற்கப்புறம் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்தது. வளர்ந்து என்ன செய்தார்கள்? லேப்டாப்பில் சிப்பைப் போர்டோடு வைத்துச் சால்டர் செய்துவிட்டார்கள்.

"அப்டேட் நடக்கும்போது அணைக்காதீர்கள் என்று திரையிலேயே எழுதியிருக்கிறோமே, அணைந்தால் உங்கள் தப்புதானே" என்பது கம்பெனிகளின் வாதம். ஐயா, நாங்களா அணைத்தோம்? மாதாமாதம் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. காற்றடித்தால் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். போதாததற்கு, நாம் கேட்காமலே விண்டோஸ் அப்டேட் வழியாகவும் பயாஸ் அப்டேட் வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் எழுத ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது, பல வருடங்களாக இருக்கிறது. ஜிகாபைட் கம்பெனி ஒரே போர்டில் இரண்டு பயாஸ் வைத்தது, ஒன்று கெட்டால் மற்றொன்று எழுப்பும். ஆசூஸ், எம்எஸ்ஐ கம்பெனிகளின் சில போர்டுகளில் ஒரு பட்டனை அழுத்தினால் பென் டிரைவிலிருந்தே பயாஸ் எழுதிக்கொள்ளும், பிராசஸர்கூட வேண்டாம். ஆனால் இந்த வசதியை எங்கே வைக்கிறார்கள்? பெரும்பாலும் விலை கூடிய போர்டுகளில். யுபிஎஸ் வைத்து, கரண்ட் போகாத நகரத்தில் இருப்பவனுக்கு இரட்டைப் பாதுகாப்பு. கரண்ட் போகிற ஊரில் மலிவு மாடல் வாங்குகிறவனுக்கு ஒற்றைச் சிப், அதுவும் சால்டர் வைத்து. இது என்ன நியாயம்?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வாழைத் தோட்ட வேலைக்குப் போகிற ஒருவரின் மகள், கல்லூரியில் படிக்கிறாள். லேப்டாப்பில் பேட்டரி வீக். ரீஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் போய்விட்டது. பிறகு திரை வரவே இல்லை. டவுனில் ஒரு கடையில், மூடியைக்கூடக் கழற்றாமல், போர்டு போயிட்டு என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார்கள். அந்தத் தகப்பனுக்கு அது பல நாள் கூலி. பிள்ளையின் ப்ராஜெக்ட் வேலை முழுக்க அந்த மெஷினில்.

என்னிடம் படித்த ஒருவன் செல்போன் சிப் வேலை பார்க்கிறான். அவனிடம் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, "சார், போர்டுக்கு ஒண்ணும் ஆகல. உள்ள உள்ள எழுத்துதான் பாதியில நிக்கி" என்றான்.

அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே செய்வதற்கு அல்ல, கடைக்காரரிடம் கேட்பதற்கு.

1. முதலில் கம்பெனியே வைத்திருக்கும் மீட்பு வழியை முயன்றான். எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்துப் பிடித்துப் பவர் கொடுப்பது, டெல் லேப்டாப்களில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜர் செருகுவது என்று மாடலுக்கு ஒரு வழி உண்டு. பல மாடல்களுக்குச் சரியான பயாஸ் கோப்பு உள்ள பென் டிரைவும் வேண்டும். இவளுடைய மெஷினில் இந்த வழி பலிக்கவில்லை.

2. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சிப்பின் எண்ணைப் படித்து அது எத்தனை வோல்ட் என்று பார்த்தான். 3.3 வோல்ட் சிப்பும் உண்டு, 1.8 வோல்ட் சிப்பும் உண்டு. 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் 3.3 கொடுத்தால் சிப்பே போய்விடலாம்.

3. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற ப்ரோகிராமரை எட்டுக்கால் கிளிப்பால் மாட்டி, சிப்பில் இருந்ததை முதலில் பிரதி எடுத்தான். இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டான். இது மிக முக்கியம். அந்த மெஷினின் சீரியல் எண், பல மாடல்களில் விண்டோஸ் கீ எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

4. கம்பெனி தளத்தில் இருந்த அப்டேட் கோப்பிலிருந்து பயாஸைப் பிரித்தெடுத்து, அந்த மெஷினின் சொந்த விவரங்களைச் சேர்த்து எழுதி, சரிபார்த்தான்.

திரை வந்தது. கடை சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு கூலிகூட அவன் வாங்கவில்லை.

எல்லா இருண்ட திரைக்கும் பயாஸ் காரணம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் போன போர்டு, ஷார்ட் ஆன போர்டு உண்மையிலேயே செத்திருக்கலாம். ஆனால் நேற்று வரை ஓடிய மெஷின் அப்டேட்டின்போது நின்றது என்றால் முதல் சந்தேகம் அந்தச் சிப் மேல்தான் வர வேண்டும். எங்கள் கொற்கையை ஒரு காலத்தில் வெறும் வயற்காடு என்றுதான் நினைத்திருப்பார்கள். 1968-69இல் தோண்டிப் பார்த்தபோது கீழே கிடந்த பழைய துறைமுகப் பட்டினத்தின் தடயங்கள் வெளியே வந்தன. மூடியைத் திறக்காமல் மரணச் சான்றிதழ் எழுதாதீர்கள்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சுத்தமான பயாஸ் கோப்பு எளிதில் கிடைப்பதில்லை. எழுதிப் பார்த்துப் பலிக்காவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். சரி, சோதனைக் கூலி என்று முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கோப்பைத் தராததற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. யோசித்துப் பாருங்கள். அப்டேட் கோப்பு தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருப்பதால் போலியை மெஷின் ஏற்காது என்று சொல்வதும் அவர்களே. போலி நுழையாது என்றால், அசலை வெளியே கொடுப்பதில் யாருக்கு என்ன ஆபத்து? புதுப் போர்டு விற்பனைக்குத்தான் ஆபத்து.

மத்திய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் இணையதளத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுப்பதா உரிமை? சட்டம் வேண்டும்.

தமிழக அரசு நினைத்தால் அதற்கு முன்பே செய்யலாம். 2011 செப்டம்பரிலிருந்து லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிக் கொடுத்த அரசு இது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்த அரசு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனி மறுக்கும்? ஒன்று, பயாஸ் கெட்டால் பென் டிரைவில் மீட்கும் வசதி கட்டாயம். இரண்டு, மீட்புக் கோப்பு பொதுவில் இருக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு ப்ரோகிராமர் வாங்கி வைத்து, பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். அரை நாள் பாடம்தான்.

பெற்றோரே, அடுத்த முறை யாராவது போர்டு போயிட்டு என்றால் பயப்படாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "பயாஸ் சிப்பைப் படித்துப் பார்த்தீர்களா?" பதில் இல்லை என்றால் மெஷினை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

பகிருங்கள். சிப் வேலை தெரிந்த தம்பிமார் உங்கள் ஊரைக் கமெண்டில் சொல்லுங்கள், யாருக்காவது உதவும்.