சட்டவிரோதக் குடியேற்றம்: இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

"சட்டவிரோதக் குடியேற்றம் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பாதிக்கின்றதா?" என்று வினவினால், மாணவர்கள் பலர் "வேலை பறிபோகின்றது, சம்பளம் குறைகின்றது, அரசாங்கத்துக்குச் செலவு கூடுகின்றது" என மூன்று வரியில் விடையை முடித்து விடுகின்றனர். இவ்விடை முழுவதும் பிழையன்று. ஆனால் நாடு என்பது ஒரே ஆளல்லவே. அதில் பண்ணை முதலாளி இருக்கிறார், கூலித் தொழிலாளி இருக்கிறார், பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் மாநில அரசு இருக்கின்றது. ஒருவரின் இலாபம் மற்றவரின் நட்டமாகலாம். ஐக்கிய அமெரிக்காவை எடுத்து நோக்குவோம்.

1980 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 125,000 பேர் விசா இன்றிப் படகுகளில் புளோரிடாவை வந்தடைந்தனர். மியாமி நகரின் தொழிற்படை சில மாதங்களில் சுமார் 7 சதவீதத்தால் பெருகியது. சம்பளம் சரிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? டேவிட் கார்ட் என்னும் பொருளியலாளர் 1990 இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறான சரிவு எதுவும் காணப்படவில்லை. (2021 இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.) வந்தவர்கள் உழைத்தது மட்டுமன்றி உண்டார்கள், உடுத்தார்கள், வாடகையும் கொடுத்தார்கள், நிரம்பலோடு கேள்வியும் கூடியது என்று இதனை விளக்கலாம். ஆனால் ஜோர்ஜ் போர்ஜாஸ் என்பவர், உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அவர்களின் சம்பளம் 10 முதல் 30 சதவீதம் வரை வீழ்ந்ததென 2017 இல் எழுதினார். அவர் எடுத்த மாதிரி மிகச் சிறியது என்று மற்றவர்கள் மறுத்தனர். விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் நகரின் சராசரியை மட்டும் பார்த்தால் அடிமட்டத் தொழிலாளி கண்ணில் படமாட்டார் என்பது என் கருத்து.

வரியிலும் இதே கதைதான். 2022 இல் சட்டவிரோதக் குடியேறிகள் செலுத்திய வரி 96.7 பில்லியன் டொலர் என வொஷிங்டனிலுள்ள வரிக் கொள்கை ஆய்வு நிறுவனமொன்று மதிப்பிட்டது. இதில் 59.4 பில்லியன் சமஷ்டி அரசுக்குச் சென்றது. ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் இவர்களின் சம்பளத்திலிருந்து பணம் வெட்டப்படுகின்றது. ஆனால் அந்த ஓய்வூதியத்தைப் பெற இவர்களுக்கு உரிமையில்லை. மறுபுறம், இவர்களின் பிள்ளைகளுக்கும் அரச பாடசாலையில் இடமளிக்க வேண்டுமென 1982 இல் டெக்சாஸ் வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பாடசாலைகளின் செலவில் பெரும்பகுதி மாநிலத்தினதும் உள்ளூராட்சியினதும் தலையில் விழுகின்றது. வரவு ஓரிடம், செலவு ஓரிடம். எல்லையோர மாநிலத்தவர் முணுமுணுப்பதில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் வெளியாரை நிறுத்திவிட்டால் உள்நாட்டாரின் சம்பளம் உயருமா? மெக்சிக்கத் தொழிலாளரை ஒப்பந்த அடிப்படையில் பண்ணைகளுக்கு அழைத்துவந்த திட்டம் 1942 இல் தொடங்கி 1964 இல் நிறுத்தப்பட்டது. இவர்கள் சட்டப்படி வந்தவர்கள்தாம். உள்நாட்டாரின் சம்பளத்தைக் காப்பதே நிறுத்தியவர்களின் நோக்கம். ஆனால் எதிர்பார்த்தபடி சம்பளம் உயரவில்லை. கலிபோர்னியாவின் தக்காளிப் பண்ணையாளர்கள் அறுவடை இயந்திரத்தை வாங்கினர்; இயந்திரத்தில் நசியாத தக்காளி இனமும் வந்து சேர்ந்தது. 2011 இல் அலபாமா மாநிலம் கடுமையான சட்டமொன்றை நிறைவேற்றியபோதும் தொழிலாளர் குடும்பத்தோடு வெளியேற, பறிக்க ஆளின்றித் தக்காளி வயலிலேயே அழுகியது.

உள்நாட்டுத் தொழிலாளியின் சம்பளத்தை இழுத்து வீழ்த்துவது, பக்கத்தில் நிற்பவர் வேற்று நாட்டவர் என்பதைவிட, அவர் வாய் திறக்க முடியாதவர் என்பதே. முறையிட்டால் நாடுகடத்தப்படலாம் என்றிருப்பவர் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பார். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுமார் 2.7 மில்லியன் பேர் சட்டபூர்வ வதிவிடம் பெற்றபின் அவர்களின் சம்பளம் ஓரளவு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டின. அதே சட்டம், தெரிந்துகொண்டே இத்தகையோரை வேலைக்கு அமர்த்தும் முதலாளியையும் குற்றவாளியாக்கியது. போலி ஆவணத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பலர் தப்பிக்கொண்டனர். தண்டனையின் பாரம் முதலில் விழவேண்டியது இவர்கள்மீதுதான்.

நடப்பதோ வேறு. தொழிற்சங்கம் அமைக்க ஆதரவளித்தமைக்காகக் கலிபோர்னியாவில் வேலைநீக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், முதலாளி செய்தது சட்டமீறலே ஆயினும், தொழிலாளி அனுமதியின்றி வேலைசெய்தவர் என்பதால் இழந்த சம்பளம் கிடையாதென 2002 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒன்பது நீதியரசர்களில் நால்வர் உடன்படவில்லை. இத்தீர்ப்பு சட்டத்தை மீறும் முதலாளிக்குச் செலவைக் குறைத்துக் கொடுக்கின்றது என்பது அவர்களின் வாதம்.