எந்த மலையில் போட்டோ எடுக்கலாம்? முதலில் பெண்ணைக் கேளுங்கள்!



என் நாத்தனாருக்குக் கடந்த தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. தாம்பூலம் மாற்றி, வந்தவர்கள் கைநனைத்து எழுவதற்குள் போட்டோகாரத் தம்பி என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றார். "அண்ணாச்சி, அவுட்டோர் எங்க வச்சுக்கிடுவோம்? மலையா, கடலா?" என்றார். கடல் எல்லாரும் எடுத்து அலுத்துப் போச்சு, மலைதான் இப்போ எடுப்பு என்று அவரே பதிலும் சொல்லி விட்டார்.

அன்று ராத்திரி முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். மாப்பிள்ளை வீட்டார் மூணாறு என்றார்கள். என் கொழுந்தன் கொடைக்கானல் என்றான். "உள்ளூர்லயே மருந்துவாழ்மலை இருக்கு, காளிகேசம் இருக்கு, சிதறால் இருக்கு, எதுக்குல அங்க போகணும்?" என்றார் என் வீட்டுக்காரர். செலவுக் கணக்கு, வண்டி வாடகை, சேலை நிறம் எல்லாம் பேசினார்கள். கல்யாணப் பெண் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அடுக்களையில் தேங்காய் துருவிக் கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "மைனி, எனக்கு ஒசரத்துல நின்னா தலை சுத்தும். பாறை மேல ஏறச் சொன்னா என்ன செய்யது?"

"இதை ஏன் நேத்தே சொல்லல?" என்று கேட்டேன்.

"அவிய வீட்டுல ஆசைப்படுகாவ. வேண்டாம்னா என்ன நெனைப்பாவ?" என்றாள்.

தோழிகளே, இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். எனக்குத் தெரிந்ததை, பார்த்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

மலையை வைத்துப் போட்டோ எடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. என் அத்தையின் கல்யாணப் போட்டோ எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் மலையும், அருவியும், இரண்டு தென்னை மரமும் வரைந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை தெரியும் ஊரில், பெயிண்ட் மலைக்கு முன்னால் நின்று எடுத்திருக்கிறார்கள்! "அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து உளுந்தங்கஞ்சி குடிச்சோம்" என்பார் அத்தை. இப்போது அந்த அஞ்சு நிமிஷம் ஒரு முழு நாளாகி விட்டது. சில வீடுகளில் இரண்டு நாள்.

ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன் நாலு வார்த்தை பேசிக் கொள்ளவும், ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரியவும் இது ஒரு சாக்கு. எனக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை. தாலி கட்டின பிறகுதான் இவர் குரலையே சரியாகக் கேட்டேன்! ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

போன வருஷம் என் பெரியம்மா பேத்திக்கு இதே மாதிரி மலையில் எடுத்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். காலையில் ஏழு மணிக்கு ஏறினோம். கனமான பாவாடை, கல் வைத்த தாவணி, குதி உயர்ந்த செருப்பு. உடை மாற்ற மறைவிடம் கிடையாது. நானும் இன்னொரு பெண்ணும் போர்வையைப் பிடித்துக் கொண்டு நின்றோம். கீழே வழியில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். பிள்ளைக்கு முகம் செத்துப் போனது.

அதை விடக் கொடுமை, ஒண்ணுக்குப் போக இடமில்லை. அதனால் அவள் தண்ணீரே குடிக்கவில்லை. "சித்தி, தண்ணி வேண்டாம்" என்று பாட்டிலைத் தள்ளி விட்டாள். மதியம் இரண்டு மணி வரை வெயிலில் சிரித்துக் கொண்டே நின்றாள். மூன்றாம் நாள் அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல். டாக்டரம்மா பரிசோதித்து விட்டு, தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்ததில் சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். ஆல்பத்தில் அந்தப் படம் ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர் பாட்டில்தான் ஞாபகம் வருகிறது.

அவளுக்கு வந்தது மருந்தில் தீர்ந்தது. தீராமல் போனவர்களும் இருக்கிறார்கள். 2019 அக்டோபரில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணையில் செல்ஃபி எடுக்க இறங்கிய ஒரே குடும்பத்தில் நாலு பேர் தண்ணீரோடு போனார்கள். அதில் ஒருத்தி புதுப்பெண். 2020 நவம்பரில் மைசூர் பக்கம் தலக்காட்டில், கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்கக் காவிரியில் போன ஜோடி படகு கவிழ்ந்து இரண்டு பேருமே இறந்தார்கள். 2022 டிசம்பரில் நம் எல்லைக்கு அடுத்த கொல்லம் மாவட்டத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் கல்குவாரி விளிம்பில் நின்று படம் எடுத்த பெண் கால் தவறி, நூறு அடிக்கு மேல் ஆழமுள்ள பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்தான் மாப்பிள்ளை. தெய்வாதீனமாக இருவரும் பிழைத்தார்கள். ஆனால் மறுநாள் நடக்க வேண்டிய கல்யாணம் நின்று போனது. அந்த இரண்டு தாய்மாரின் வயிறு எப்படிப் பதறியிருக்கும்?

ஆகவே மலையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த மலையின் குணத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த நம் மாவட்டத்து இடங்களைச் சொல்கிறேன்.

மருந்துவாழ்மலை பொற்றையடி பக்கம், கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிறது. அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையில் ஒரு துண்டு விழுந்தது என்று நம் பெரியவர்கள் சொல்கிற மலை. ஸ்ரீநாராயண குரு தவம் செய்த குகையும் அங்கே உண்டு. உச்சியில் நின்றால் கடலும் வயலும் ஒன்றாகத் தெரியும். ஆனால் ஏற்றம் செங்குத்து, மேலே போகப் போக வெறும் பாறை. காற்றும் பலம். குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும். பட்டுச்சேலையோடு ஏறுகிற இடம் அல்ல. சாமி கும்பிட வருகிறவர்கள் மத்தியில் கட்டிப்பிடித்து நிற்பதும் அழகல்ல.

சிதறால் மலைக்கோயில் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முன் சமண முனிவர்கள் இருந்த பள்ளி. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறுவதற்குக் கல்பாவிய நல்ல பாதை உண்டு, வயசானவர்களும் மெதுவாக ஏறலாம். ஆனால் ஸ்டாண்டு, லைட் எல்லாம் வைத்து எடுக்க முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். சிற்பத்தின் மேல் சாய்வது, காலை வைப்பது எல்லாம் கூடவே கூடாது.

காளிகேசம், கீரிப்பாறை பக்கம் அடர்ந்த காடு. நம் மாவட்டத்துக் காட்டில் பெரும் பகுதி வன உயிரின சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். புகைப்படம் எடுக்க என்று காரணம் சொல்லிக் கேட்கவும் அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. "நமக்கு ஆள் தெரியும், போயிரலாம்" என்று போட்டோகாரர் சொன்னால் நம்பாதீர்கள், சீட்டைக் கண்ணால் பாருங்கள். அங்கே இன்னொரு ஆபத்து, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேல் மலையில் மழை பெய்யும். ஆற்றில் தண்ணீர் திடீரென்று ஏறி விடும். நமக்குத் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மாசி பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். எத்தனை இளம் பெண்கள்! அவர்கள் போட்டோவுக்குப் போனவர்கள் இல்லை, மலையேற்றத்துக்குப் போனவர்கள். ஆனால் தீ அந்த வித்தியாசம் பார்க்காது.

அப்படியானால் மலையே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை தோழிகளே! மலையை அழகாகப் பார்க்க மலை மேல் நிற்க வேண்டியதில்லை. மேலே ஏறி நின்றால் காலடியில் இருக்கும் மலை படத்தில் எப்படித் தெரியும்? தள்ளி நின்றால்தான் முழுசாகத் தெரியும். நம் நாஞ்சில் நாட்டில் எந்த வயல் வரப்பில் நின்றாலும் பின்னால் மலை இருக்கிறது. பூதப்பாண்டி பக்கம் நின்றால் தாடகை மலை. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் நின்றால் வரிசையாக மலையும் காற்றாலைகளும். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களில் தாமரையும் பறவையும் இருக்க, தூரத்தில் மலை நீலமாக நிற்கும். இந்தக் குளங்களுக்கு 2022-ல் ராம்சார் என்ற உலக அங்கீகாரமே கிடைத்திருக்கிறது. பறவைகளை விரட்டாமல் கரையில் நின்று எடுத்தால் போதும்.

கடைசியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். நாத்தனாரின் பயத்தை நான்தான் மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். என்ன நினைப்பாரோ என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல். அவரோ, "நல்லதாப் போச்சுக்கா. எனக்கும் ஒசரம்னா பயம்தான். ஆம்பள எப்படிச் சொல்லதுன்னு இருந்தேன்" என்று சிரித்தார்! இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக் கொண்டு, இரண்டு பேருக்கும் பிடிக்காத பாறையில் ஏற இருந்திருக்கிறார்கள்.

தை மாதக் காலை ஆறரை மணி. கும்பப்பூ நெல் கதிர் பிடித்துத் தலை சாய்ந்து நின்றது. பனி விலகி மலை தெளிவாகத் தெரிந்தது. தோவாளைச் சந்தையிலிருந்து வாங்கிய பிச்சிப்பூவை அத்தையே தலையில் வைத்து விட்டார். உடை மாற்ற, முகம் கழுவ, கழிப்பறை போக ரோட்டோரத்தில் சொந்தக்காரர் வீடு. வெறுங்காலோடு வரப்பில் நடந்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வீடு வந்து இட்லி சாப்பிட்டோம். மூணாறுக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் பெண்ணுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கினோம். படத்தைப் பார்த்தவர்கள், "இது எந்த ஊரு மலை?" என்று கேட்கிறார்கள். தினமும் பார்க்கிற மலை என்று சொன்னால் நம்பவில்லை.

கல்யாணம் பேசியிருக்கும் வீட்டுத் தாய்மாருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். இடத்தை முடிவு செய்யும் முன் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். மாதவிலக்கு நாளா என்று பாருங்கள். பக்கத்தில் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். குடிக்கத் தண்ணீர், தட்டைச் செருப்பு, துணைக்கு ஒரு பெண் கட்டாயம். இருட்டும் முன் இறங்கி விட வேண்டும். "இன்னும் ஒரு அடி பின்னால போங்க" என்று போட்டோகாரர் சொன்னால், போக மாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள்.

இன்னொன்று, மனசுக்குக் கஷ்டமானாலும் சொல்ல வேண்டியது. நிச்சயம் செய்த எல்லாக் கல்யாணமும் நடந்து விடுவதில்லை. நின்று போனால் அந்தப் படங்கள் யார் யார் போனில் இருக்கும்? ஆகவே கல்யாணம் முடியும் வரை வெளியே போடக் கூடாது என்று போட்டோகாரரிடமும், இரு வீட்டாரிடமும் முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளுங்கள். எப்படி நிற்பது, எவ்வளவு நெருங்குவது என்பதும் பெண் சம்மதத்தோடுதான்.

கல்யாணமான பிறகு எத்தனையோ விஷயத்துக்கு நம்மைக் கேட்காமலேயே முடிவெடுப்பார்கள். அது நமக்குத் தெரியும். முதல் படத்துக்காவது நம் பிள்ளையைக் கேட்டு ஆரம்பிப்போமே! மாப்பிள்ளை வீட்டாரும் அதில் பழகிக் கொள்வார்கள்.

உங்கள் வீட்டில் எப்படி, தோழிகளே? எழுதுங்கள்.

- ஒரு குடும்பத்தலைவி,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.