கண்டென்சர் ஒலிவாங்கியும் வாடகை அறையும்

வீட்டிலேயே குரலைப் பதிவுசெய்ய விழையும் இளம் பாடகர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: நல்ல கண்டென்சர் ஒலிவாங்கி வாங்குக. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு இது பொருந்தும். டெல்லியிலோ மும்பையிலோ பத்துக்குப் பத்து வாடகை அறையில், தலைக்கு மேல் விசிறி சுழல, தெருவில் ஆட்டோக்கள் அலறப் பாடுவோருக்குப் பொருந்தாது.

கண்டென்சர் நுண்ணுணர்வு மிக்கது. மூச்சின் நுனியைப் பற்றும் அதே நேர்மையுடன் விசிறியின் இரைச்சலையும், வெற்றுச் சுவரும் கல் தரையும் திருப்பியனுப்பும் எதிரொலியையும் பற்றும். மலிவான கண்டென்சர்கள் பலவற்றில் உயர் அதிர்வெண்கள் தூக்கலாக இருப்பதால் ஸகரமும் ஷகரமும் காதைக் கீறுகின்றன. (தமிழ்ப் பாடலைவிட இந்திப் பாடலில் இது விரைவில் புலப்படும்.) பதிவு இவ்வாறு கெடும்போது, சேமிப்பையெல்லாம் கருவியில் இட்ட பாடகர் கருவியை ஐயுறுவதில்லை, தம் குரலையே ஐயுறுகிறார். இழப்பில் பெரிது அதுதான்.

இத்தகைய அறைக்கு டைனமிக் ஒலிவாங்கியே தக்கது. ஷூர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஸ்எம்58 போன்றவற்றை மேடைக்கு மட்டுமே உரியவை என ஒதுக்குவது அறியாமை. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982) தொகுப்பில் குரலைப் பதிந்த எஸ்எம்7 ஒரு டைனமிக் ஒலிவாங்கிதான். டைனமிக் வகை அறையொலியை மாயமாக விலக்குவதில்லை. வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாட இடந்தருகிறது, அவ்வளவே. தொலைவு இரட்டித்தால் குரலின் நேரொலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. நான்கு விரற்கடை நெருக்கம் பல ஆயிரம் ரூபாய்க்கு ஈடு.

ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவோர் 192 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண்ணில் மயங்குகின்றனர். மனிதச் செவியின் எல்லையே ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். பார்க்க வேண்டியது வேறு: டைனமிக் தரும் மெலிந்த சமிக்ஞையை இரைச்சலின்றி 60 டெசிபல் அளவுக்கேனும் உயர்த்த அதனால் இயலுமா என்பது. கணினியைச் சுற்றி வராமல் குரலை நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதியும் வேண்டும். தாமதித்துக் கேட்கும் குரல் தாளத்தைக் குலைக்கும்.

மிச்சப்படும் பணத்தில் கனத்த ரஜாய் இரண்டு வாங்கிப் பாடுபவரின் முதுகுப்புறமும் பக்கவாட்டிலும் தொங்கவிடலாம். விசிறியை அணைத்தே தீரவேண்டும். மே மாத டெல்லியில் அது விடியலுக்கு முன்தான் சாத்தியம்.