கிடங்கு என்னும் சொல்லுக்குள் வாழ்பவர்கள்

தில்லியில் வீட்டுக்கு அடியில் தோண்டப்படும் அறைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அனுமதித் தாளில் அது பொருள் வைக்கும் இடம். வாசலில் தொங்கும் வாடகை அட்டையில் அறை, வாசகசாலை, ‘பிஜி’. இந்த இரு பெயர்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் மாணவர்கள் இறக்கிறார்கள்.

2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில், குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறையில் மூன்று மாணவர்கள் மழைநீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற முனைவர் பட்ட ஆய்வாளர். அந்த நிலவறைக்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதி, பொருள் சேமிக்கவும் வண்டி நிறுத்தவும்தான். அங்கே நடந்துகொண்டிருந்ததோ வாசகசாலை. ‘நீர் புகுந்தது’ என்று நாம் அனைவரும் சொன்னோம். அந்த வாக்கியத்தின் எழுவாய் நீர். தோண்டியவர், வாடகை வாங்கியவர், பார்த்தும் கடந்துபோன அதிகாரி ஆகிய எவருக்கும் அதில் இடமில்லை. இலக்கணப்படி பிழையற்ற வாக்கியந்தான். ஆனால் குற்றவாளிகள் அனைவரையும் அது விடுவித்துவிடுகிறது.

வீட்டு உரிமையாளர் ஏன் கீழ்நோக்கித் தோண்டுகிறார்? 2021ஆம் ஆண்டுக்கான தில்லிப் பெருந்திட்டத்தின்படி, மனைக் குடியிருப்புகளில் கட்டடத்தின் உயரம் தூண்தளம் இன்றி 15 மீட்டரையும், தூண்தளத்துடன் 17.5 மீட்டரையும் தாண்டக்கூடாது. மேலே வானம் அளந்து தரப்பட்டிருக்கிறது. கீழேயோ, சேமிப்பு போன்ற அனுமதிக்கப்பட்ட பயன்களுக்குரிய நிலவறை தளப்பரப்புக் கணக்கிலேயே சேர்வதில்லை. ‘சேமிப்பு’ என்று எழுதினால் கணக்கில் வராத ஒரு தளம் கிடைக்கிறது; அதில் ஆளைக் குடிவைத்தால் வாடகையும் கிடைக்கிறது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது, நிலவறைக்கு 2.4 மீட்டர் போதும். மனிதருக்கும் மூட்டைக்கும் இடையே விதி கண்ட வேறுபாடு 35 சென்டிமீட்டர். அதைவிட உறுத்துவது இன்னொன்று. நிலவறை தோண்ட விண்ணப்பிப்பவர் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். தோண்டும்போது அண்டை வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பேற்பதற்கு. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பத்திரம் இருக்கிறது. நாளை அந்தக் குழிக்குள் அமர்ந்து படிக்கப்போகிறவருக்கு இல்லை. ஏட்டின்படி அங்கே எவரும் இருக்கப்போவதில்லையே!

இல்லாத மனிதருக்கு இரண்டாவது வழி எதற்கு? ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் ஒரு பக்கத்தில் 60 சென்டிமீட்டர் நீர் நின்றாலே, அதன் மீது ஏறத்தாழ 180 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழுகிறது. நீர் நிற்கும் பக்கம் நோக்கித் திறக்கும் கதவாயின், இருபது வயது மாணவர் எவ்வளவு தள்ளினாலும் அது அசையாது. நீர் முதலில் இறங்குவதும் படிக்கட்டு வழியாகத்தான். தப்பிக்க இருக்கும் ஒரே வழியும் அதுவே.

‘விதிமீறல்தானே, முத்திரை வைத்தால் தீர்ந்தது’ என்பார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு மாநகராட்சி பல நிலவறைகளுக்கு முத்திரை வைத்தது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று முத்திரை வைத்தவர்கள் கேட்கவில்லை. ‘ஏழை மாணவருக்கு மலிவான இடம் வேண்டாமா’ என்பது எதிர்த்தரப்பு. வேண்டும். ஆனால் மலிவு எதில் மிச்சம் பிடித்து வந்தது என்று கேட்க வேண்டும். காற்றோட்டத்திலும் இரண்டாம் படிக்கட்டிலும் வடிகாலிலும் மிச்சம் பிடித்ததே அந்த மலிவு. அந்தத் தொகையை மாணவர் தம் உயிரைப் பணயம் வைத்துச் செலுத்துகிறார்.

ஆள் இருப்பதை ஒப்புக்கொண்டால் நிபந்தனை விதிக்கச் சட்டத்துக்குத் தெரியும். நிலவறையில் தொழில்முறை அலுவலகம் நடத்த அதே பெருந்திட்டம் இடமளிக்கிறது. கட்டட உறுதியும் தீயணைப்புத் துறை ஒப்புதலும் வேண்டும் என்கிறது. வழக்கறிஞரின் உயிருக்குக் காட்டப்பட்ட இந்த அக்கறை மாணவருக்கும் உரியது. மனிதர் அமரும், உறங்கும் நிலவறை எதுவாயினும் அதை அப்படியே பெயரிட்டுப் பதிவு செய்யட்டும். இரண்டாம் வழியும் வடிகாலும் இல்லாதவற்றை மூடட்டும். மூடும் முன் மாற்றிடம் தரட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. சேர்க்கை இடங்களைக் கூட்டிவிட்டு விடுதி கட்டாத ஒவ்வோர் ஆண்டும், யாரோ ஒரு வீட்டுக்காரரின் கடப்பாரைக்கு நாம் வேலை கொடுக்கிறோம். ஆகவே, இந்த ஆண்டுச் சேர்க்கை அறிக்கையில் இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே விடுதிப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் அச்சிடுமாறு நம் துறைக் கூட்டங்களில் கேட்போம். எஞ்சும் மாணவர்கள் எந்தத் தளத்தில் உறங்குகிறார்கள் என்பதற்கும் நிர்வாகம் பதில் சொல்லட்டும்.