இருவராகச் சபர் புறப்படும் முன்

பூதலூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கணவனும் மனைவியும் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள்கள் கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று சுற்றிவர விரும்புகின்றனர். விமானச் சீட்டு, தங்கும் விடுதி, ரயில் அனைத்துக்கும் ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இது மார்க்கத்திற்கு உடன்பாடானதுதானா என்று இளையோர் கேட்கின்றனர். பெரியவர்கள் கேட்பதில்லை. "அந்தக் காசில் உம்ராவுக்குப் போகலாமே, ஊர் சுற்றுவது எதற்கு?" என்று தீர்ப்பையே சொல்லிவிடுகின்றனர்.

அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. சபர் என்னும் சொல் நம் டெல்டா வீடுகளுக்குப் புதியதன்று. 'சபராளி' என்று ஒரு தனிச் சொல்லையே உருவாக்கி வைத்திருப்பவர்கள் நாம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடியது. அதன் பின்னர் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளாகும்வரை அந்தக் கடல்வழி உயிரோடு இருந்தது. கூத்தாநல்லூரிலும் ராஜகிரியிலும் அய்யம்பேட்டையிலும் அக்கரைச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் கண்ட பினாங்கு, பெட்டியைத் திறந்ததும் வந்த கோடாலித் தைல வாசனையும் கைலித் துணியின் மடிப்புந்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மாதம் கணவனைக் கண்டு வாழ்ந்து முடித்த பெண்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றனர். அவர்களுடைய பேத்தி தன் கணவனோடு அதே ஊரைப் பார்க்கப் போவதை வீண் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. பயணத்தின் இடையே ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்துக் கொண்டதை அபூதாவூத் பதிவு செய்கிறது. மனைவியை மகிழ்விப்பதும் மார்க்கத்தின் ஒரு பகுதியே. பிள்ளைகளை இரண்டு வாரம் நன்னியிடம் விட்டுச் செல்வதில் குற்றம் காண்போர், அந்த நன்னியின் சம்மதத்தைக் கேட்டார்களா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஹஜ்ஜைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் ஓர் இடம் உண்டு. கையில் ஹஜ்ஜுக்குப் போதிய பொருள் இருந்து, உடல் நலமும் வழியும் அமைந்தவர், தாமதமின்றி அதை நிறைவேற்ற வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் வலுவான கருத்து. உறுதியான எண்ணத்தோடு தள்ளிப்போட ஷாஃபியீ மத்ஹபில் இடமுண்டு. ஆகவே வசதி உடையவர் முதலில் ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்துவிட்டு மலேசியாவைப் பற்றி யோசிப்பதே சரி என்பது நம் கருத்து. மலேசியப் பயணத்துக்கான தொகை மட்டுமே கையில் இருப்பவர் மீது இந்தப் பேச்சைச் சுமத்துவது அநியாயம். அந்தத் தொகைக்கு ஹஜ் கடமையாவதில்லை.

முன்பதிவைத் தவக்குலுக்கு எதிரானதாக நினைப்போரும் உண்டு. காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இந்த ஐயம் வரலாமா? மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் என்பது வழக்கம்தானே தவிர வாக்குறுதியன்று. தண்ணீர் தாமதித்த ஆண்டுகளை நாம் கண்டிருக்கிறோம். எனினும் நம் வட்டத்திலுள்ள கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் விதைநெல் தேடுவேன் என்று எந்த விவசாயியும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்கச் சொன்ன திர்மிதியின் அறிவிப்பு இதைத்தான் உணர்த்துகிறது. நாளை செய்வேன் என்று சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் சொல்ல வேண்டும் என்ற கஹ்ஃபு அத்தியாயத்தின் கட்டளை (18:23, 24) திட்டமிடுவதைத் தடுக்கவில்லை. திட்டமிடுபவனுக்குத்தான் அந்தச் சொல்லே தேவைப்படுகிறது.

இனி, முன்பதிவு என்னும் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். விடுதி அறைக்கு முன்பணம் கட்டுவது ஃபிக்ஹில் இஜாரா, அதாவது பயன்பாட்டை விலைக்குப் பெறுவது. இன்ன அறை என்று குறித்த ஒன்றை எதிர்காலத் தேதிக்கு இப்போதே வாடகைக்கு எடுப்பதை ஷாஃபியீ அறிஞர்கள் பொதுவாக ஏற்பதில்லை, ஹனஃபிகள் ஏற்பர். ஆனால் இணையத்தில் நாம் பதிவு செய்வது 312ஆம் எண் அறையை அன்று. 'இருவர் தங்கும் அறை, காலையுணவுடன்' என்று தன்மை சொல்லப்பட்ட ஒன்றை. அதைத் தரும் பொறுப்பு விடுதியின் மீது கடனாக ஏறுகிறது. பொதுவாகப் பொறுப்பில் ஏறும் இஜாராவுக்கு எதிர்காலத் தேதி ஷாஃபியீ மத்ஹபிலும் கூடும். தொகையை ஒப்பந்த அமர்விலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் அறை போன்ற அசையாச் சொத்தின் வாடகையை இவ்வகையில் சேர்க்க அம்மத்ஹபின் நூல்கள் இடம் தருவதில்லை என்பதை ஷாஃபியீ வீட்டார் கவனிக்க வேண்டும்.

ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்னும் நிபந்தனை என்ன ஆகும்? அரபியில் உர்பூன் எனப்படும் இந்த அச்சாரத்தை மூன்று மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் மறுத்தனர், ஹன்பலிகள் அனுமதித்தனர். 1993இல் புரூணையின் தலைநகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அது கூடும் என்று முடிவெடுத்தது. எனவே இந்தக் காலத்தில் அதைப் பற்றி மனம் வருந்த வேண்டியதில்லை. ஆயினும், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் ரத்து செய்யும் வசதியுள்ள அறையை எடுப்பதே ஐந்து மாதத்துக்கு முன் பதிவு செய்வோருக்கு அறிவுடைமை. வீட்டில் ஒரு மௌத்து நேர்ந்தால் நம் மக்கள் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே.

இதே வசதிதான் ஒரு கெட்ட பழக்கத்துக்கும் வழிவிட்டிருக்கிறது. விசாவுக்குக் காட்டுவதற்காக மட்டும் விடுதியைப் பதிவு செய்து, முத்திரை விழுந்த மறுநாள் ரத்து செய்வது. 'டம்மி டிக்கெட்' என்ற பெயரில் இல்லாத விமானப் பதிவைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி இணைப்பது. ஒரு வாரத்துக்கு மச்சானிடம் பணம் வாங்கி வங்கிக் கணக்கில் நிறுத்தி அறிக்கை எடுப்பது. இவற்றைச் சாமர்த்தியமாகப் பேசிக்கொள்கிறார்கள். எழுத்தில் கொடுக்கும் பொய்யும் பொய்தான்; அதைத் தூதரகத்துக்குக் கொடுத்தாலும் அவ்வாறே. போவதா வேண்டாமா என்ற தயக்கத்தோடு பதிவு செய்து பின்னர் ரத்து செய்வது வேறு. போகப் போவதில்லை என்று தெரிந்தே இன்னொருவருக்குக் கிடைக்கவேண்டிய அறையை அடைத்து வைப்பது வேறு. நிய்யத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. தூதரக அதிகாரிக்கு அது தெரியாது. ஐரோப்பியத் தூதரகங்கள் பலவற்றுக்கு உண்மையான முன்பதிவே போதும். முழுப்பணம் கட்டிய சீட்டை அவை கேட்பதில்லை. அப்படியிருக்க ஹலாலான பயணத்தை ஹராமான காகிதத்தோடு தொடங்குவானேன்? இந்திய கடவுச்சீட்டு உள்ளவர் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா 2023 நவம்பரில் அறிவித்த பிறகு, அந்நாட்டுக்கு இந்தத் தந்திரம் தேவைப்படவுமில்லை. சிங்கப்பூருக்கு இன்னும் விசா வேண்டும். ஆகவே அந்தப் பகுதியைக் கடைசியில் பதிவு செய்க.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதே எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. 'இப்போது பயணம், பிறகு தவணை' என்னும் விளம்பரங்களில் 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்ற சொல் மின்னுகிறது. வட்டி இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது, அது கட்டணத்தில் ஒளிந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரித்தது. இன்றும் பல கடன் அட்டைகளின் மாத அறிக்கையில் வட்டி என்று ஒரு வரியும், அந்த வட்டியின் மீது ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரியும் இருப்பதைப் படித்துப் பாருங்கள். தள்ளுபடியாக அதை ஈடுகட்டியிருப்பார்கள். ஒப்பந்தம் என்னவோ வட்டி ஒப்பந்தமே. ஏலச்சீட்டு எடுத்துப் போவதும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. தள்ளு இல்லாத குலுக்கல் சீட்டில் இரண்டு சம்பா அறுவடைக் காலம் சேர்த்துப் போவோருக்குக் காத்திருப்பது மட்டுமே செலவு.

மஹரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடனே தரவேண்டிய மஹரைக் கணவன் கொடுக்காதவரை, அவனோடு பயணம் வர மறுக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பது ஹனஃபி சட்டம். அது மட்டுமன்று; பயணத்தில் மனைவியின் நிய்யத் கணவனுடைய நிய்யத்தைத் தொடர்ந்து செல்லும் என்ற விதியும் அந்த மஹரைக் கொடுத்திருந்தால்தான் பொருந்தும் என்று நூல்கள் கூறுகின்றன. தஃப்தரில் எழுதிய பவுன் இன்னும் பாக்கியாக இருக்க, அவளை இரட்டைக் கோபுரத்தின் முன் நிறுத்திப் படமெடுக்கும் கணவர்கள் நம்மிடையே குறைவில்லை. கடனாளி கொடுக்கும் விருந்து அது.

எந்த ஊர், எத்தனை நாள் என்பதையும் அவளிடம் கேட்க வேண்டும். ஹுதைபிய்யாவில் உம்மு ஸலமா (ரலி) சொன்ன ஆலோசனையின்படி நபி (ஸல்) அவர்களே செயல்பட்டார்கள். நம் வீடுகளிலோ கணவன் பட்டியல் போடுகிறான். அவள் பெட்டி கட்டுகிறாள். 'எட்டு நாளில் மூன்று நாடு, ஆறு நகரம்' என்னும் தொகுப்புகள் பெரும்பாலும் ஆண்கள் ஆண்களுக்குப் பெருமை பேசுவதற்காக வாங்குபவை என்பது நம் ஐயம். பேருந்திலும் விமான நிலையத்திலும் கழியும் அந்த நாள்களில் தொழுகைதான் முதலில் நழுவுகிறது.

நாள்களை வகுக்கும்போது கஸ்ரையும் கணக்கில் கொள்ளலாம். ஷாஃபியீ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் ஓர் ஊரில் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் இல்லை. வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் சேர்ந்து செவ்வாயன்று பினாங்குக்குப் புறப்பட்டால் இடையில் மூன்று முழு நாள்களே. கஸ்ரும் ஜம்உம் கூடும். புதனன்று புறப்படுவதாக இருந்தால் வந்திறங்கியதிலிருந்தே முழுத் தொழுகை. ஹனஃபிகளுக்கு ஓரூரில் பதினைந்து நாள் தங்கும் நிய்யத் வேண்டும். ஆகவே இந்தப் பயணம் முழுவதும் கஸ்ரே, ஆனால் ஜம்உ இல்லை. கணவன் ஒரு மத்ஹபும் மனைவி மற்றொன்றுமாக இருக்கும் வீடுகளில் இதைப் புறப்படும் முன்பே பேசிவைப்பது நல்லது.

வழியெங்கும் நம் முன்னோரின் சுவடுகள் உள்ளன. மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளி 1748இலும், பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளி 1801இலும், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளி 1826இலும் தோன்றின. தெலுக் ஆயர் தெருவிலோ நாகூர் தர்காவின் நினைவுக் கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. தமிழ் பேசிய வணிகர்களின் உழைப்பு அவற்றின் சுவர்களில் இருக்கிறது. மலேசியப் பள்ளிகளில் பெண்களுக்குத் தனித் தொழுமிடமும் தொழுகை உடையும் இருப்பது வழக்கம். ஊரில் பள்ளிவாசலின் உட்புறத்தையே காணாத நம் பெண்களுக்கு அதுவே ஒரு பயணம். பேரங்காடிகளில் 'சூராவ்' என்ற பலகையைத் தேடினால் போதும். உணவுக்கு மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் ஆகியவற்றின் ஹலால் முத்திரை.

மற்றவை சில்லறைச் செய்திகள். கடவுச்சீட்டில் ஆறு மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும். நம் பெண்கள் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். சீட்டுப் பதிவு செய்யும்போது எந்த நிறுவனம் எப்படி நிரப்பச் சொல்கிறதோ அப்படியே நிரப்புக, ஊகித்து எதையும் சேர்க்க வேண்டாம். ஒற்றைப் பெயர் உள்ள கடவுச்சீட்டில் வருகை விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தவித்தவர்கள் பலர். மலேசிய விடுதிகளில் வெளிநாட்டினர் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்டவேண்டும்; இணையத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் இருக்காது. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது; சுப்ஹு ஏறத்தாழ ஆறு மணிக்கு.

நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் தேதி ஏமாற்றும். சீட்டில் 12ஆம் தேதி 00.30 என்றிருந்தால் 11ஆம் தேதி இரவே திருச்சி நிலையத்தில் இருக்க வேண்டும். அன்று வீட்டில் தொழும் இஷா நான்கு ரக்அத்தே; ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கஸ்ர் தொடங்குகிறது.