குரத்தியர் பெயர் கூறும் பாறைகள்

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையைக் காணச் செல்வோரின் கண்களை முதலில் ஈர்ப்பது வெட்டுவான் கோவில். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கி உருவாக்கிய ஒற்றைக் கற்றளி அது. பணி முற்றுப்பெறாத நிலையிலும் அதன் எழில் போற்றத்தக்கதே. ஆயினும், அதனை மட்டும் கண்டு மீள்வோர் தமிழகப் பெண்கல்வி வரலாற்றின் அரிய சான்று ஒன்றைக் காணாமலே திரும்புகின்றனர்.

அம்மலையின் மற்றொரு பகுதியில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அவ்வுருவங்களைச் செய்வித்தோரின் பெயர்களைக் கூறுகின்றன. அவர்களுள் திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் முதலிய பெண் துறவியரும் உளர். ஆசிரியரைக் குறிக்கும் 'குரவர்' என்பதற்குரிய பெண்பாற் சொல் 'குரத்தி'. இடையின ரகரத்தை வல்லின றகரமாக எழுதினால், குறிஞ்சி நிலப் பெண்ணைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். ஓரெழுத்துப் பிழை ஓர் ஆசிரியரையே மறைத்துவிடும்.

திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்த குரத்தியார் கழுகுமலையில் திருவுருவம் செய்வித்தார் எனின், அக்காலப் பெண் துறவியரின் தொடர்பு ஊரெல்லை கடந்து விரிந்திருந்தது புலனாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்து வேடல் கல்வெட்டு இதனினும் வியப்பளிப்பது. முதலாம் ஆதித்த சோழன் காலத்து அக்கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் வேறு 400 துறவியருக்கும் பூசல் எழுந்தபோது, குரத்தியாரின் மாணாக்கரைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றனர். பெண் ஒருவர் தலைமையில் இயங்கிய பள்ளியைத் தாங்கியது ஊராரின் உழைப்பே.

வரலாற்றுச் சின்னங்கள் கண்டு களிப்பதற்கு மட்டுமே உரியவை என்று கருதுவோர் உளர். அது பாதி உண்மையே. சிற்பம் கலைத்திறனைக் காட்டும்; கல்வெட்டோ அதன் பின்னிருந்த மனிதரைக் காட்டும். வட்டெழுத்தை இன்று படிக்க வல்லோர் மிகச் சிலர். ஆதலின், இத்தகைய இடங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் கல்வெட்டின் மைப்படியையும், அதன் வாசகத்தை இக்கால எழுத்திலும் எளிய விளக்கத்துடனும் வைக்கும் சிறு அருங்காட்சியகம் தேவை. பெருங்கட்டடம் வேண்டுவதில்லை, ஓர் அறையே போதும்.

அதுவரை மாணவர் வாளா இருத்தல் கூடாது. உச்சிப்புளி போன்ற கடலோர ஊர்களிலிருந்து கழுகுமலைக்குக் கல்விச் சுற்றுலா செல்வோர், அக்கல்வெட்டுகளின் அச்சிட்ட வாசகத்தை முன்னரே வகுப்பறையில் கற்றுச் செல்லலாம். அவ்வாறு கற்றவர் அப்பாறையில் தம் பெயரைக் கீற மனம் கொள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் அங்கு ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருப்பதை அவர் அறிவார்.